யார் வீட்டுச் சுவரில் துப்பாக்கி?

கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் ஒரு ஜூலை 23 அன்று அஞ்சலி செலுத்திவிட்டுக் கரையேறினோம். கூட வந்த கல்லூரி மாணவர் ஒருவர் கைபேசியை நீட்டினார். அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தங்களுடைய முதல் ரைஃபிளைப் பற்றிப் பேசும் காணொளி அது. அப்பா வாங்கிக் கொடுத்தது, முதல் சம்பளத்தில் வாங்கியது, முதல் தோட்டா போன திசை என்று ஒவ்வொருவரும் முதல் சைக்கிளைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறார்கள். அவர்கள் பேசுவது ஏ.ஆர்.15 வகைத் துப்பாக்கி. ராணுவ ரைஃபிளின் உடன்பிறப்பு. 1960களிலேயே பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்துவிட்டது. விற்பவர்கள் பிற்பாடு அதற்குச் சூட்டிய பெயர் 'நவீன விளையாட்டு ரைஃபிள்'.

பார்த்து முடித்ததும் அந்தத் தம்பி கேட்டார்: "அண்ணே, நம்ம ஆளுக கையிலயும் ஒண்ணு ரெண்டு இருந்திருந்தா, அன்னைக்கு 17 பேரு இந்த ஆத்துல செத்திருப்பாங்களா?"

அந்த இடத்தில் நின்றுகொண்டு சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பதிவு அவருக்கான பதில். அவரைப் போலக் கேட்கிற மற்ற தம்பி தங்கைகளுக்கும்தான்.

முதலில் ஒரு கேள்வி. 'என் முதல் துப்பாக்கி' என்று ஆசையாக நினைத்துப் பார்க்க நம் ஊரில் யாரால் முடியும்?

என் அப்பாவுக்கும் துப்பாக்கி நினைவு உண்டு. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம். ஊர்ப் பெரிய பண்ணை வீட்டில் ஆயுத பூசைக்கு இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துத் திண்ணையில் சாத்தி வைப்பார்களாம். நம் தெருப் பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்க்கலாம். பக்கத்தில் போக முடியாது. அறுவடைக் கூலி தகராறு வந்த ஒரு வருசம், ராத்திரி அந்தத் துப்பாக்கி வானத்தைப் பார்த்து ஒருமுறை வெடித்தது. யாருக்கும் காயமில்லை. மறுநாள் காலையில் எல்லோரும் பழைய கூலிக்கே வயலில் இறங்கினார்கள். அப்பா இதைச் சொல்லும்போது சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரிய நெடுநாள் ஆயிற்று.

அந்த வீட்டுப் பேரனைக் கேட்டால் அவருக்கும் அதே துப்பாக்கிதான் முதல் நினைவாக இருக்கும். தாத்தா தோளில் கை வைத்துக் குறி பார்க்கச் சொல்லிக் கொடுத்திருப்பார். பேரன் துப்பாக்கியின் பின்பக்கம் நின்று பார்த்தார், அப்பா முன்பக்கம் நின்று பார்த்தார். யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதைச் சாதியும் நிலமும் அவர்கள் பிறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டன.

மாஞ்சோலையின் கதையே ஒரு துப்பாக்கிச் சத்தத்தில் தொடங்குகிறது என்று நம் பகுதியில் சொல்வார்கள். 1919 அக்டோபரில் சென்னை தேனாம்பேட்டை நியூவிங்டன் இல்லத்தில், ஜமீன் வாரிசுகளுக்கான பள்ளியின் முதல்வர் டி லா ஹே இரவில் தூக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன்களின் வாரிசுகள் அந்த வழக்கில் சிக்கினார்கள். வழக்கு பம்பாய்க்கு மாறியது. கடைசியில் யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்த வழக்குச் செலவில் ஏறிய கடனுக்காகத்தான் சிங்கம்பட்டி ஜமீன் மலைக்காட்டைக் குத்தகைக்கு விட்டது என்பது இங்கே தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. 1929இல் 8,373 ஏக்கர், 99 ஆண்டுக் குத்தகை, பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு. காட்டை வெட்டித் தேயிலை போட்டவர்கள் யார்? மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அடைந்து கிடந்தவர்கள் யார்? பெரும்பாலும் நம் மக்கள்.

ஒரு வீட்டுப் பிள்ளைகளின் கைக்குத் துப்பாக்கி எட்டியது. அதன் செலவு மலையேறி வந்து இன்னொரு மக்களின் முதுகில் விழுந்தது. இந்தக் கணக்கை மறந்துவிட்டு நாம் துப்பாக்கியைப் பற்றிப் பேச முடியாது.

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களிடமிருந்து துப்பாக்கியைப் பறித்தது என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எல்லா இந்தியர்களிடமிருந்தும் அல்ல. ராஜாக்கள், பட்டம் பெற்றவர்கள், பெரிய நிலக்காரர்கள் ஆகியோருக்கு விலக்கும் உரிமமும் கிடைத்தன. அவர்கள் வேட்டைக்குப் போனார்கள். தப்படித்து, கூச்சல் போட்டு, புதரைக் கலைத்து விலங்கைத் துப்பாக்கிக்கு முன்னால் விரட்டிக் கொடுக்கும் வேலை நம்மவர்களுக்கு. பழைய வேட்டைப் படங்களைப் பாருங்கள். செத்த புலிக்குப் பின்னால் நிற்பவரின் பெயர் கீழே எழுதியிருக்கும். ஓரத்தில் வேட்டியை மடித்துக் கட்டி நிற்பவர்களின் பெயர் இருக்காது.

சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஒரு நல்ல வரி இருக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது பிரிவு 14. ஆனால் அதே சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பயிர் வேண்டும். பயிருக்கு நிலம் வேண்டும். பஞ்சமி நிலத்தையே பறிகொடுத்துவிட்டு மனு எழுதிக்கொண்டிருக்கும் சனம் எந்தப் பட்டாவைக் காட்டும்? 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வாரிசு வழியையும் திறந்து வைத்திருக்கின்றன. உரிமக்காரர் இறந்தாலோ, 70 வயதைத் தொட்டாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தாலோ, வாரிசு அதற்கு உரிமம் கேட்கலாம். தாத்தாவிடம் இருந்தால் பேரனுக்கு வரும். நம் தாத்தாவிடம் இருந்தது மண்வெட்டி.

மாஞ்சோலையைச் சுற்றி இன்னொரு பூட்டும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 34. சரணாலயத்திலும் அதைச் சுற்றிப் 10 கிலோமீட்டருக்குள்ளும் குடியிருந்து ஆயுத உரிமம் வைத்திருப்பவர்கள் வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய உரிமம் கொடுக்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். காட்டுக்கு இது நல்ல சட்டம், நான் எதிர்க்கவில்லை. ஆனால் களக்காடு முண்டந்துறை அடிவாரத்து ஊர்களில் இதன் விளைவைப் பாருங்கள். பழைய துப்பாக்கி பழைய வீட்டிலேயே இருக்கிறது. புதிய கைக்குப் போகும் வழி குறுகிவிட்டது.

ஆக, துப்பாக்கி உரிமம் என்பது வெறும் காகிதமல்ல. 'இந்த வீட்டை நான் நம்புகிறேன்' என்று அரசு எழுதிக் கொடுக்கும் சான்று. அந்தச் சான்று நூறாண்டுகளாக யாருக்குக் கிடைத்தது என்பதுதான் அரசியல்.

அப்படியென்றால் நாமும் துப்பாக்கி கேட்கலாமா? தம்பியின் கேள்வி அதுதானே?

1999 ஜூலை 23ஐ நினைத்துப் பாருங்கள். சிறையில் கிடந்த 652 தொழிலாளர்களை விடுதலை செய், கூலியை உயர்த்து என்று கேட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். கையில் மனுவும் இடுப்பில் பிள்ளையும்தான். தடியடி நடந்தது, ஆற்றுக்குள் விரட்டினார்கள், 17 பேர் செத்தார்கள். அதில் இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை ஒன்று. நீதிபதி மோகன் ஆணையம் என்ன சொன்னது? 11 பேர் நீரில் மூழ்கியும் 6 பேர் காயத்தாலும் இறந்தார்கள் என்றது. காவல்துறை மீது குற்றமில்லை என்றது. வெறுங்கையோடு போனவர்களுக்கே இந்தத் தீர்ப்பு. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்திருந்தால், அறிக்கை முழுக்க அந்த ஒரு துப்பாக்கியைப் பற்றித்தான் இருந்திருக்கும். 17 பேரும் அதற்குள் புதைந்து போயிருப்பார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 1956இல் மான்ட்கோமரியில் வீட்டின் மீது குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். 1967இல் கருஞ்சிறுத்தைகள் கலிஃபோர்னியாவில் அன்றைய சட்டத்துக்கு உட்பட்டே துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அதே ஆண்டில் சட்டம் மாறியது. கையெழுத்துப் போட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். துப்பாக்கி உரிமையைப் பிறப்புரிமையாகக் கொண்டாடும் நாட்டில், கறுப்பர் கையில் அது வந்தவுடன் குற்றமாகிவிட்டது. அந்தச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான் 1972இல் மகாராஷ்டிரத்தில் தலித் பேந்தர்கள் பெயர் வைத்துக்கொண்டார்கள். பெயரை எடுத்துக்கொண்டவர்கள் கவிதையையும் தெருப் போராட்டத்தையும் கையில் எடுத்தார்கள்.

எதிர்த்தரப்பின் துப்பாக்கி என்ன செய்யும் என்பதையும் நாம் அறிவோம். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, துப்பாக்கியோடு வந்தவர்களுக்குப் பயந்துதான் சனங்கள் ஓடி ஒரு குடிசைக்குள் ஒளிந்தார்கள். 44 பேர் வெந்து செத்தார்கள். பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் 1997 டிசம்பர் 1 இரவு ரணவீர் சேனை 58 தலித்துகளைக் கொன்றது. 2013இல் உயர்நீதிமன்றம் குற்றவாளிகளை விடுதலை செய்தது. உத்தரப்பிரதேசத்தின் உம்பா கிராமத்தில் 2019 ஜூலையில் நிலத்தகராறில் கோண்டு பழங்குடிகளைச் சுட்டுத் தள்ளினார்கள்.

"நம்ம பக்கம் அரிவாள்தானே அண்ணே பிரச்சினை?" என்று கேட்பீர்கள். உண்மை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவர் வீட்டுக்குள் புகுந்து வெட்டியது அரிவாள்தான். அரிவாளுக்கு உரிமம் கிடையாது, பதிவேடு கிடையாது. துப்பாக்கிக்கு உண்டு. அதனால்தான் துப்பாக்கியில் இருந்து தொடங்கச் சொல்கிறேன். அரசு ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் கணக்கு அது. கேட்டால் காட்டியாக வேண்டும்.

கேட்பதற்குச் சட்டமும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் விதி 3ஐ எடுத்துப் படியுங்கள். வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை அரசு முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும். தேவைப்பட்டால் அங்குள்ள பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, துப்பாக்கிகளை அரசு ஆயுதக்கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அவர்களுடைய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்களின் உரிமங்களும் இதில் அடங்கும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்கு அடுத்த வரியில்தான், தேவைப்பட்டால் நம் மக்களுக்கு உரிமம் வழங்கலாம் என்று வருகிறது.

வரிசையைக் கவனியுங்கள் தோழர்களே. முதலில் அவர்கள் கையிலிருப்பதை இறக்கு என்கிறது. நமக்குக் கொடுப்பது கடைசி. நான் நிற்பதும் முதல் வரியில்தான். ஏழை வீட்டில் துப்பாக்கி வந்தால் அது பாதுகாப்பாக இருக்காது, வழக்காக மாறும். கோபத்தில், குடியில், காதல் தகராறில் முதலில் அது நம் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும்தான் குறிபார்க்கும். நான் கேட்பது துப்பாக்கியில் சம பங்கு அல்ல. துப்பாக்கிக்கு முன்னால் யாரும் நிற்க வேண்டாத ஊர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாவட்டத்தில் ஆயுத உரிமம் வழங்கும் அதிகாரி ஆட்சியர். விதி 17இன்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் தலைவரும் ஆட்சியர்தான். இரண்டு கோப்புகளும் ஒரே மேசையில் இருக்கின்றன. ஒன்றைத் திறக்கும்போது இன்னொன்றையும் திறக்க வைப்பது நம் வேலை.

எனவே இந்த ஆண்டு ஒரு வேலை செய்வோம். உங்கள் மாவட்டத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். யார் பெயரையும் கேட்காதீர்கள், தனிப்பட்ட தகவல் என்று தட்டிவிடுவார்கள். எண்ணிக்கை கேளுங்கள்.

வட்டம் வாரியாக எத்தனை ஆயுத உரிமங்கள்? பயிர்ப் பாதுகாப்புக்கு எத்தனை, வாரிசு வழியில் மாறியவை எத்தனை? வன்கொடுமை வாய்ப்புள்ளவை என்று அடையாளம் காணப்பட்ட ஊர்கள் எவை? அந்த ஊர்களில் விதி 3இன் கீழ் ரத்தான உரிமங்கள் எத்தனை? சரணாலயத்தைச் சுற்றிய 10 கிலோமீட்டரில் வனத்துறையில் பதிவானவை எத்தனை?

தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஓட்டுப் பெட்டிக்குச் செய்ய முடிகிறது. கோயில் கொடை நேரத்தில், கூலித் தகராறு நேரத்தில், சாதி மறுப்புத் திருமணம் நடந்த ஊரில் நம் உயிருக்காக ஏன் செய்யக் கூடாது என்று கேளுங்கள்.

தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். அன்று நம்மவர்கள் கையில் துப்பாக்கி இல்லாததால் அவர்கள் சாகவில்லை. அவர்கள் கொண்டுபோன மனுவை வாங்க அன்று ஆள் இல்லை. மாஞ்சோலையில் 2024இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் மக்களை மலையிலிருந்து இறக்கத் தொடங்கினார்கள். அவர்களும் மனுவோடுதான் அலைந்தார்கள். அந்த மனுவோடு சேர்த்து இந்த மனுவையும் எழுதுவோம். அடுத்த ஜூலை 23க்குள் எத்தனை மாவட்டங்களிலிருந்து பதில் வந்திருக்கிறது என்று ஆற்றங்கரையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

ஜெய்பீம்.