மாதிரி யந்திரம் செய்து தர யார் வருவார்?

புதிய யந்திரம் ஒன்றைப் பற்றிய யோசனை ஒருவன் மனத்தில் உதயமாவதற்கு ஒரு விநாடி போதும். அந்த யோசனை இரும்பாகவும் பித்தளையாகவும் உருக்கொண்டு கண்முன்னே ஓடுவதற்குப் பத்து வருஷம் ஆனாலும் ஆகலாம். பணம் கிடைப்பதுதான் இதில் பெரிய கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். பணம் தேடுவது கஷ்டந்தான். ஆனால் அதைக் காட்டிலும் அரிய காரியம், அந்த யந்திரத்தைச் செய்து கொடுக்கத் தகுந்த ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது.

நம் நாட்டில் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. தேங்காய் மட்டை உரிக்க ஒரு சாதனம், களை எடுக்க ஒரு கருவி, நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்க ஓர் அமைப்பு என்று நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டு வைத்திருக்கும் வாலிபர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் தகப்பனாரின் சேமிப்பையோ தாயாரின் நகையையோ பணமாக்கி, முதலில் கண்ணில் பட்ட பட்டறையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து, ஓடாத இரும்புக் குவியல் ஒன்று வண்டியில் ஏறி வீடு வந்து சேருகிறது. “யோசனையே பைத்தியக்காரத்தனம்” என்று உறவினர்கள் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். அநேக சமயங்களில் தவறு யோசனையில் இல்லை. அதை ஒப்படைத்த இடத்தில்தான் இருக்கிறது.

இந்தச் சங்கடம் மகா மேதாவிகளுக்கும் நேர்ந்திருக்கிறது. நீராவியைத் தனிப் பாத்திரத்தில் குளிர வைத்தால் எரிபொருள் வெகுவாக மிச்சமாகும் என்ற யோசனை ஜேம்ஸ் வாட்டுக்கு 1765-ம் வருஷத்தில் தோன்றியது. 1769-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றுவிட்டார். ஆனால் யந்திரம் சரியாக ஓடவில்லை. காரணம், பெரிய சிலிண்டர் ஒன்றின் உட்புறத்தை நேராகவும் வட்டமாகவும் குடைந்து கொடுக்க அவருக்கு ஆள் அகப்படவில்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருந்த சந்து வழியாக நீராவி வெளியேறிக் கொண்டே இருந்தது. சந்தை அடைக்க அவர் என்னென்னவோ செய்து பார்த்தார், ஒன்றும் பயன்படவில்லை. கைகொடுத்த கூட்டாளியும் 1773-ல் திவாலானார்.

கடைசியில் வழி எங்கிருந்து பிறந்தது? பீரங்கி செய்யும் பட்டறையிலிருந்து! ஜான் வில்கின்ஸன் என்ற இரும்புத் தொழிலதிபர் பீரங்கிக் குழலைப் பிசகின்றிக் குடைவதற்கு 1774-ல் ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். பிறகு, குடையும் தண்டைச் சிலிண்டருக்குள் முழு நீளமும் செலுத்தி, இரு முனைகளிலும் தாங்கல் கொடுத்து அசையாதபடி நிறுத்தும் யந்திரத்தை அமைத்தார். அதில் குடைந்த சிலிண்டர் வந்த பிறகு, 1776-ல் வாட்டின் யந்திரங்கள் வேலை செய்யத் தொடங்கின. யோசனைக்கும் யந்திரத்துக்கும் இடையே பதினொரு வருஷம்!

இதிலிருந்து முதல் பாடம் கிடைக்கிறது. ‘என் யந்திரத்தைச் செய்து பழகியவர் யார்?’ என்று தேடுவது வீண். யந்திரமே புதியது, பழகியவர் எங்கிருந்து வருவார்? அதிலுள்ள மிகக் கடினமான அங்கம் எது என்று முதலில் நிச்சயித்துக் கொள்ள வேண்டும். பிறகு, அந்த ஒரு கஷ்டத்தை வேறொரு தொழிலில் முன்பே வென்றவர் யார் என்று விசாரிக்க வேண்டும். நம்முடைய கருவியில் தண்ணீர் கசியாத மூடிதான் சிக்கல் என்றால், பம்பு செய்கிறவரிடம் போக வேண்டும். மெல்லிய தகட்டை மடிப்பதுதான் சிக்கல் என்றால், பாத்திரப் பட்டறைக்காரர் பட்டதாரியைவிட அதிகம் அறிந்திருக்கக்கூடும்.

அடுத்தபடி, அமெரிக்காவில் டேட்டன் நகரத்து ரைட் சகோதரர்களின் கதையைப் பார்ப்போம். ஆகாய விமானத்துக்கு எட்டுக் குதிரைச் சக்தி உள்ள, பளுவில்லாத எஞ்சின் ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. எஞ்சின் கம்பெனிகள் பலவற்றுக்கு எழுதினார்கள். ஒரே ஓர் எஞ்சினுக்காகச் சிரமப்பட எந்தக் கம்பெனி முன்வரும்? தகுந்த பதில் வரவில்லை. அவர்களுடைய சைக்கிள் கடையிலேயே வேலை பார்த்த சார்லி டெய்லர் என்பவர், காகிதத் துண்டுகளில் கிறுக்கிய படங்களை வைத்துக்கொண்டு, சுமார் ஆறு வாரத்தில் எஞ்சினைச் செய்து முடித்தார். 1903 பிப்ரவரியில் ஓட்டிப் பார்த்தபோது அதன் அலுமினிய உடல் உடைந்தது. மறுபடி வார்ப்படம் செய்து வாங்கினார்கள். முடிவில் எஞ்சின் பன்னிரண்டு குதிரைச் சக்தி கொடுத்தது. அந்த வருஷம் டிசம்பர் 17-ந் தேதி விமானம் பறந்தது.

பெரிய பெயரைக் கண்டு மயங்க வேண்டாம் என்பது இங்குள்ள பாடம். ஆயிரக் கணக்கில் ஒரே மாதிரிப் பொருள்களைச் செய்து தள்ளும் ஆலைக்கு நம்முடைய ஒற்றை மாதிரி ஒரு தொந்தரவு. பக்கத்திலேயே நின்று, இன்று செய்ததை நாளை மாற்றச் சம்மதிக்கும் சிறு பட்டறைக்காரருக்கோ அது ஒரு பந்தயம். மற்றொன்றும் கவனிக்கத் தக்கது: முதல் மாதிரி உடையும். கையிலுள்ள பணம் முழுவதையும் அதில் போட்டுவிட்டவன், இரண்டாவது மாதிரியைப் பார்க்க மாட்டான்.

ஆள் சரியாக அமைந்தும் காரியம் கெட்டுப் போவதுண்டு. லண்டனில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித நிபுணர், பிழையின்றி அட்டவணைகளைக் கணக்கிடும் யந்திரம் ஒன்றை அமைக்கத் திட்டமிட்டார். 1823 முதல் பிரிட்டிஷ் சர்க்கார் பணம் கொடுத்தது. ஜோஸப் கிளெமெண்ட் என்ற கைதேர்ந்த நிபுணர் வேலையை ஏற்றுக்கொண்டார். அவருடைய திறமையில் குறைவேயில்லை. ஆனால் பட்டறையை எங்கே வைப்பது, இடம் மாற்றினால் நஷ்ட ஈடு என்ன என்றெல்லாம் சச்சரவு வளர்ந்து, 1833-ல் வேலை நின்றது. இந்த வேலைக்கென்றே செய்த விசேஷக் கருவிகள் யாருக்குச் சொந்தம்? அக்காலத்து வழக்கப்படி தொழிலாளிக்கே சொந்தம்! சுமார் 17,000 பவுன் செலவழித்த சர்க்கார், 1842-ல் திட்டத்தையே கைவிட்டது. பாபேஜின் பிற்காலத் திட்டம் ஒன்றைப் பின்பற்றி லண்டன் விஞ்ஞான மியூஸியத்தார் 1991-ல் கணக்கிடும் யந்திரத்தைச் செய்து பார்த்தார்கள். அது செவ்வையாக ஓடிற்று. நூற்றைம்பது வருஷம் கழித்து அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. ஆனால் அதைக் கேட்க அவர் இல்லை.

ஆகையால் வேலை தொடங்குமுன் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. படங்கள், அச்சுகள், விசேஷக் கருவிகள் யாருக்குச் சொந்தம்? நடுவில் பிரிய நேர்ந்தால் முடிந்த வேலைக்கு என்ன கணக்கு? செய்கிறவர் ஒரு புது யுக்தி சொன்னால் அதில் அவருக்குப் பாத்தியம் உண்டா? இவற்றைச் சிநேகமாக இருக்கும்போதே பேசிவிடுவது நலம். யோசனையைப் பலரிடம் சொல்வதற்கு முன்பே காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரணம் ஒன்றைத் தாக்கல் செய்வதும் அவசியம். நம் நாட்டின் 1970-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, அதன் பின் முழு விவரணத்தைக் கொடுக்கப் பன்னிரண்டு மாத அவகாசம் உண்டு. மாதிரி செய்து திருத்துவதற்கு அந்தக் காலம் உதவும்.

கடைசியாக, நம் தேசத்து உதாரணம் ஒன்று. ஜெய்ப்பூரில் டாக்டர் பி. கே. சேத்தி, கால் இழந்தவர்களுக்கு மேல்நாட்டுச் செயற்கைக் கால் உதவாததைக் கண்டார். அதைப் போட்டுக்கொண்டு சம்மணமிட்டு உட்கார முடியாது; குத்துக்காலிட முடியாது; வெறுங்காலுடன் வயலில் நடக்க முடியாது. அவருக்குத் துணையாக வாய்த்தவர் ராம் சந்தர் சர்மா என்ற சிற்பக் கைவினைஞர். அதிகப் பள்ளிப் படிப்பு இல்லாதவர். டயருக்கு ரப்பர் போடும் தொழில்முறையைக் கொண்டே அவர் வளையக்கூடிய பாதத்தை உருவாக்கினார். 1968-ல் பிறந்த அந்த ‘ஜெய்ப்பூர் கால்’ இன்று பல தேசங்களில் மனிதர்களை நடக்கச் செய்கிறது. டாக்டருக்கு உடலின் எலும்பு தெரியும். கைவினைஞருக்குப் பொருளின் குணம் தெரியும். ஒருவர் சொன்னதை மற்றவர் காதுகொடுத்துக் கேட்டார் என்பதே அதன் இரகசியம்.

ஆளைப் பரீட்சிக்க இதைவிடச் சிறந்த வழியில்லை. படத்தைப் பார்த்ததும், “இதென்ன பிரமாதம், ஒரு மாதத்தில் முடித்துவிடலாம்” என்கிறவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். “இதை யார் உபயோகிக்கப் போகிறார்கள்? மழையில் நனையுமா? இந்த இடத்தில் இத்தனை கனம் எதற்கு?” என்று குறுக்குக் கேள்வி போடுகிறவர் அகப்பட்டால் அவரை விடாதீர்கள். முழு யந்திரத்தையும் அவரிடம் உடனே ஒப்படைக்க வேண்டாம். கடினமான அந்த ஓர் அங்கத்தை மட்டும் முதலில் செய்யச் சொல்லுங்கள். அது தேறினால் மேலே செல்லலாம். தேறாவிட்டால் வீட்டு நகை பெட்டியிலேயே பத்திரமாக இருக்கும்.

கல்லூரியில் படித்த என்ஜினீயரும், கடைசல் பட்டறையில் கையில் எண்ணெய்க் கறையுடன் நிற்கும் மேஸ்திரியும் நம் நாட்டில் இன்னும் தனித் தனியாகவே இருக்கிறார்கள். இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்க்கும் ஊரில், நோட்டுப் புத்தகத்தில் உறங்கும் யோசனைகள் ஒவ்வொன்றாக எழுந்து நடக்கத் தொடங்கும்.