ஐம்பதாவது வயதில் ஒரு வாள்

நம் வீடுகளில் ஒருவருக்கு ஐம்பது வயது பூர்த்தியாகிவிட்டால், கூடத்தில் அவருக்கென்று ஒரு சாய்வு நாற்காலி ஏற்பட்டுவிடுகிறது. அவர் கேட்டு வாங்கியதாக இராது. பிள்ளைகள் வேண்டுமென்றே கொண்டுவந்து போட்டதாகவும் இராது. எப்படியோ வந்து சேர்ந்துவிடும். பிறகு அவர் மாடிப்படியில் சற்று விரைந்து ஏறினாலும், "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் எழும். அன்பினால் எழும் குரல்தான். ஆனால் அதட்டலை மீறுவது எளிது. அன்பை மீறுவதுதான் கஷ்டம்.

அலடார் கெரெவிச் என்ற ஹங்கேரி தேசத்து வாள்வீரரிடம் 1960 ஆம் ஆண்டில் இதே கேள்வியைக் கேட்டவர்கள் வீட்டார் அல்லர். அந்நாட்டு வாள்வீச்சுக் கமிட்டியார். ரோமாபுரியில் நடக்கவிருந்த ஒலிம்பிக் பந்தயத்துக்குக் கோஷ்டி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கெரெவிச் பிறந்தது 1910 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். "தங்களுக்கு வயதாகிவிட்டது" என்று கமிட்டியார் மரியாதையாகவே சொல்லியிருக்க வேண்டும். அவர் வாதாடவில்லையாம். கோஷ்டிக்குத் தேர்ந்தெடுத்த வீரர்களை ஒருவர் பின் ஒருவராகத் தம்முடன் மோதச் சொன்னார் என்றும், அத்தனை பேரையும் தோற்கடித்தார் என்றும், அதன் பிறகு கமிட்டியார் வாய் திறக்கவில்லை என்றும் கதை வழங்குகிறது. வாய்வழிக் கதைக்குரிய மெருகு இதில் சிறிது ஏறியிருக்கலாம். மெருகு ஏறாத செய்தி இது: அந்த ஆண்டு ரோமாபுரியில் ஹங்கேரியின் ஸேபர் கோஷ்டி தங்கப் பதக்கம் பெற்றது, கோஷ்டியில் கெரெவிச் இருந்தார், அவருக்கு ஐம்பது வயது கடந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

கணக்கு வாத்தியார் புத்தி போகவில்லை. ஒரு கூட்டல் போட்டுப் பார்த்தேன். அதே கோஷ்டியிலிருந்த பால் கோவாச்சுக்கு நாற்பத்தெட்டு வயது. ருடால்ப் கார்பாதிக்கு நாற்பது. மூவர் வயதும் சேர்ந்து 138. இந்த மூவரையும் கொண்ட கோஷ்டிதான் போலந்து நாட்டு வீரர்களை இறுதிப் போட்டியில் வென்றது.

ஸேபர் என்பது இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸர்வதேச வாள்வீச்சில் மூன்று ஆயுதங்கள் உண்டு. பாயில் என்பது இலேசான வாள்; அதன் முனையால் எதிராளியின் உடம்பை மட்டுமே குத்த வேண்டும்; கை, கால், தலை கணக்கில் சேரா. எப்பே சற்றுக் கனமானது. உச்சி முதல் உள்ளங்கால் வரை எங்கே குத்தினாலும் செல்லும். ஸேபரோ குதிரைப் படையினரின் வாளுக்கு வாரிசு. குத்தவும் செய்யலாம், வெட்டவும் செய்யலாம். இடுப்புக்கு மேலே தலை, கை உட்பட எல்லாம் இலக்கு. மூன்றிலும் அதிவேகமானது இதுதான். கண் இமைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆகவே இளைஞர்களுக்கே உரியது என்று யாரும் நினைப்பார்கள். ஐம்பது வயது மனிதர் ஜயித்ததோ இந்த ஆயுதத்தில்!

ஹங்கேரியருக்கு ஸேபர் என்றால் உயிர். 1908 முதல் 1964 வரை நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் தனிநபர் ஸேபர் தங்கப் பதக்கத்தை அவர்கள் ஒரே ஒரு முறைதான் விட்டார்கள். அது 1920 ஆம் ஆண்டு. முதல் உலக யுத்தத்தில் தோற்ற பக்கத்தில் இருந்ததற்காக அந்த வருஷம் அவர்களுக்கு அழைப்பே அனுப்பவில்லை. சின்னஞ்சிறு தேசம், பெரிய ராஜ்யங்களின் காலடியில் மிதிபட்ட தேசம், உலகத்தார் முன்னிலையில் தலை நிமிர்ந்து நிற்க அதற்கு இந்த ஒரு சாண் அகல மேடை போதுமாயிருந்தது. 1956 நவம்பர் 4 ஆம் தேதி ருஷ்ய டாங்கிகள் புடாபெஸ்ட் நகரத்துக்குள் புகுந்தன. அதே மாதம் 22 ஆம் தேதி மெல்போர்னில் ஒலிம்பிக் தொடங்கியது. ஊரில் யார் உயிரோடிருக்கிறார்கள் என்ற கவலையைச் சுமந்துகொண்டு அங்கே வாள் பிடித்தார்கள் ஹங்கேரியர். ஸேபர் தங்கம் அவர்களுக்கே கிடைத்தது. பந்தயம் முடிந்தபின் அந்நாட்டு வீரர் பலர் தாயகம் திரும்பவில்லை. நாற்பத்தாறு வயதான கெரெவிச் திரும்பினார்.

1932 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்ஜலிஸில் தொடங்கி 1960 வரை ஆறு ஒலிம்பிக் பந்தயங்களில் ஒரே பிரிவில் தங்கம் பெற்றவர் அவர். இருபத்தாறு வயதுக்கும் முப்பத்தெட்டுக்கும் இடையே, கையும் காலும் உச்ச நிலையில் இருந்த பன்னிரண்டு ஆண்டுகளில், யுத்தத்தின் காரணமாக ஒலிம்பிக் பந்தயமே நடைபெறவில்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

1932 இல் அவருடன் நின்றவர்களில் இருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அட்டிலா பெட்ஷாவர், எண்ட்ரே கபோஸ் என்ற அவ்விருவரும் யூதர்கள். பெட்ஷாவர் 1943 இல் உக்ரேனில் கட்டாய வேலை முகாமில் மாண்டார். 1936 இல் பெர்லினில் ஹிட்லரின் கண்ணெதிரே தனிநபர் தங்கமும் வென்ற கபோஸ், 1944 இல் புடாபெஸ்டின் மார்கரெட் பாலம் வெடித்தபோது இறந்தார். அவருக்கு முப்பத்தெட்டு வயது முடியவில்லை. தோழருக்கு வயதாகிவிட்டது என்று கமிட்டியார் சொன்ன காலத்தில், அப்படிச் சொல்லக் கேட்கும் பாக்கியம் இவ்விருவருக்கும் இல்லை.

ஐம்பது வயதுக்காரர் இருபத்தைந்து வயதுக்காரரை எவ்விதம் வெல்ல முடியும்? இதில் மாயம் ஒன்றுமில்லை. வாள்வீச்சு மேடை பதினான்கு மீட்டர் நீளம். அகலம் இரண்டு மீட்டருக்கு மேல் இல்லை. சுற்றி வளைத்து ஓட இடமில்லை. முன்னே போகலாம், பின்னே வரலாம். ஆகவே எல்லாம் இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது. ஸேபரிலும் பாயிலிலும் இன்னொரு விதி உண்டு. இருவர் வாளும் ஏககாலத்தில் பட்டால், முறைப்படி முதலில் தாக்கத் தொடங்கியவருக்கே குறி. தாக்கப்பட்டவர் முதலில் அந்த வாளைத் தட்டிவிட வேண்டும். தட்டிவிட்டால் திருப்பித் தாக்கும் உரிமை அவருடையதாகிறது.

இந்த விதியில்தான் முதியவரின் செல்வம் புதைந்து கிடக்கிறது. அவர் அரை அடி பின்வாங்குவார். மார்புப் பக்கம் சிறிது திறந்திருப்பதுபோல் காட்டுவார். இளைஞன் காலம் கனிவதற்குள் பாய்ந்துவிடுவான். அவன் எங்கே வரப்போகிறான் என்று அறிந்த இடத்தில் அவர் வாள் ஏற்கெனவே காத்திருக்கும். தட்டு, வெட்டு, தீர்ந்தது. இளைஞனுக்கு இருப்பது வேகம். அந்த வேகத்தை எப்பொழுது செலவழிக்க வேண்டும் என்று அவனுக்குத் தீர்மானித்துக் கொடுப்பவர் கிழவர்.

வயது எடுத்துக்கொள்வதும் கொஞ்சமன்று. முன்காலை நீட்டிப் பாயும் பாய்ச்சலில் முழங்கால் படும் பாடு பெரிது. பாய்வதைவிடப் பாய்ந்தபின் எழுந்து பின்வாங்குவது கஷ்டம். குதிகால் நரம்பு முன்னறிவிப்பின்றி அறுந்துவிடக்கூடும். பன்னிரண்டாவது குறிக்கு மேல் மூச்சு வேறு காட்டிக்கொடுத்துவிடும்.

இதையெல்லாம் அறிந்தவர்கள்தாம் ஸர்வதேச வாள்வீச்சுச் சம்மேளனத்தின் முதியோர் உலகப் பந்தயத்தை ஏற்படுத்தியிருக்கிறார்கள். ஐம்பது வயது நிரம்பியவர் எவரும் அதில் தம் நாட்டுக்காக வாள் பிடிக்கலாம். ஐம்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வரை ஒரு பிரிவு, அறுபதுக்காரர் ஒரு பிரிவு, எழுபதும் அதற்கு மேலும் ஆனவர் ஒரு பிரிவு என்று வகுத்தார்கள். மூன்று ஆயுதங்களும் உண்டு. ஆடவர், பெண்டிர் இருபாலாரும் உண்டு. இளையோருக்கு நாக்-அவுட் ஆட்டத்தில் பதினைந்து குறி என்றால் இவர்களுக்குப் பத்து. மற்றபடி வாள் அதே வாள், முகக் கவசம் அதே கவசம். 2018 இல் இத்தாலியின் லிவோர்னோ, 2019 இல் கெய்ரோ, 2022 இல் குரோஷியாவின் ஸாதார், 2023 இல் அமெரிக்காவின் டேடோனா பீச் என்று ஊர் ஊராக நடந்து வந்திருக்கிறது. இடையில் இரண்டு வருஷம் கொள்ளைநோய் கெடுத்தது.

இந்தப் பந்தயத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம் இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். 1960 இல் கெரெவிச்சுக்குக் கதவைச் சாத்தப் பார்த்தது எதுவோ, அந்தப் பிறந்த தேதிதான் இன்று கதவைத் திறக்கும் சாவியாயிருக்கிறது. அவர் கேட்டது என்ன? "என் ஜாதகத்தைப் பார்க்காதீர்கள், என் வாளைப் பாருங்கள்" என்பதுதானே? முதியோர் பந்தயத்திலோ முதலில் ஜாதகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாளைப் பார்க்கிறார்கள். "உங்களுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறதே, இங்கே எதற்கு வருகிறீர்கள்?" என்று நாளைக்கு ஒரு கமிட்டி சொல்லத் தொடங்கினால், அதுவும் ஒரு சாய்வு நாற்காலிதான், கொஞ்சம் அலங்காரமான நாற்காலி.

ஆனால் கெரெவிச்சுகள் நூறாண்டுக்கு ஒருவர். அவரை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்வது நியாயமில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த ஐவன் ஓஸியரைப் பாருங்கள். 1908 இல் லண்டன் ஒலிம்பிக்கில் தொடங்கியவர், சரியாக நாற்பது வருஷம் கழித்து 1948 இல் அதே லண்டனில் ஏழாவது முறையாகக் கலந்துகொண்டார். வயது ஐம்பத்தொன்பது. நடுவில் 1936 பெர்லின் பந்தயத்துக்கு மட்டும், ஹிட்லரின் ஆட்சியைக் கண்டித்துப் போக மறுத்தார்; அவரும் யூதர். 1948 இல் அவர் பதக்கம் எதுவும் பெறவில்லை. பெறுவார் என்று அவரே நினைத்திருப்பாரா என்பது சந்தேகம். அவரைப் போன்றவர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. உத்தியோகம் பார்த்து, குழந்தைகளை வளர்த்து, சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் வாளை எடுத்துப் பழகி வந்தவர்கள். இளமையில் தேசக் கோஷ்டியின் வாசலைக்கூட எட்டாதவர்கள். அறுபத்தைந்தாம் வயதில் தம் நாட்டின் பெயர் பொறித்த சட்டை அணிந்து, தமக்குச் சமமான ஒருவரை எதிரே காண இந்தப் பந்தயம் ஒன்றுதான் வழி. எதிரே நிற்பவர் வயதைப் பார்த்து இரக்கப்படப் போவதில்லை; அவருக்கும் அதே வயது. ஓர் ஆட்டக்காரனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை ஏது?

இளையோரின் பொதுப் பந்தயத்துக்கு மேல் வயது வரம்பு விதிக்காத வரையில் என் ஆட்சேபத்தை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இதுநாள்வரை விதிக்கவில்லை. துணிந்தவர் இரண்டு கதவுகளிலும் நுழையலாம். பெண்களிலும் அத்தகையோர் இருந்திருக்கிறார்கள்: ஹங்கேரியின் இலோனா எலெக் நாற்பத்தொன்றாம் வயதில் 1948 இல் பாயில் தங்கம் வென்றார்; நாற்பத்தைந்தில் 1952 இல் வெள்ளி.

நம் நாட்டில் இந்தக் கலை இன்னும் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. ஒலிம்பிக் மேடையில் வாள் பிடித்த முதல் இந்தியர் நம் சென்னைப் பெண் பவானி தேவிதான். 2021 இல் டோக்கியோவில், அதே ஸேபர் ஆயுதத்தில், முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்று, அடுத்ததைத் தோற்றார். பள்ளிக்கூட நாட்களில் மூங்கில் குச்சியை வைத்துக்கொண்டு பழகியவர் அவர். பிறந்தது 1993. முதியோர் பந்தயத்துக்கு அவருக்கு வயது வர 2043 ஆகிவிடும். அதற்குள் நம் பிள்ளைகள் அவருக்கு நாற்காலி வாங்கிவிடாமல் இருக்க வேண்டும்.