குதிரை முதுகில் காப்பிக்கொட்டை!

கொடைக்கானல் மலைச்சரிவில் உள்ள சிற்றூர், வெள்ளகவி. காப்பியும் ஆரஞ்சும் விளையும் மண். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு! தலைமுறை தலைமுறையாகக் குதிரை முதுகும் மனிதர் தலையும்தான் வண்டி. சுமைக்கூலி போக மிஞ்சுவதே விவசாயிக்கு.

சுற்றிலும் காடு. காட்டில் சாலை போட, 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆனால், 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டுவாசிகளுக்கு வழி விட்டிருக்கிறது. சாலை, பள்ளிக்கூடம் போன்ற ஒவ்வொரு தேவைக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவாக (சுமார் இரண்டரை ஏக்கர்) நிலம் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. கிராம சபை பரிந்துரை செய்யவேண்டும்.

காடும் வாழவேண்டும், காப்பி பயிரிடுபவனும் வாழவேண்டும். சட்டத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. கிராம சபை கூடும் நாளில் ஊரே திரண்டு போகட்டும். கேட்டால்தானே உரிமை கிடைக்கும்?