பாகம் வாங்கும் முன் பழுதைத் தேடுங்கள்

ஒரு கருவி ஓடவில்லை என்றால் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்தப் பாகத்தை வாங்க வேண்டும்?" என்பதுதான். எது கெட்டிருக்கிறது, அதை எப்படி உறுதிப்படுத்துவது என்று கேட்பவர்கள் குறைவு. என் அக்காள் மகனும் அப்படித்தான் கேட்டான். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிப்பவன் என்பதால் எனக்கு வருத்தம் கூடுதல்.

அவன் கையில் இருந்தது 2005ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் தலைமுறை ஐபாட். மறைந்த அவனுடைய அப்பா வைத்திருந்தது. ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் வாங்கிய குறுந்தட்டுகளிலிருந்தும் பழைய கேசட்டுகளிலிருந்தும் பாட்டு ஏற்றியிருந்தார். தைப்பூசத்தில் கூட்டாளிகளோடு பாடிப் பதிவு செய்த காவடிப் பாட்டுகளும் அதில் இருந்தன.

உள்ளே இருந்த 30 ஜிபி ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போடத் தொடங்கியதும், பாட்டுகளைக் கணினிக்கு மாற்றிவிட்டு டிஸ்க்கைக் கழற்றினான். அந்த இடத்தில் ஓர் அடாப்டர் பலகை, அதில் இணையத்தில் மலிவாக வாங்கிய 256 ஜிபி மெமரி கார்டு. ஐபாட் தயாரிப்பை நிறுத்துவதாக ஆப்பிள் 2022இல் அறிவித்துவிட்டாலும், பழையவற்றை இப்படிப் புதுப்பிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். முதலில் தன் பாட்டுகளை ஏற்றினான், கடைசியில் அப்பாவின் பாட்டுகளை. கணினியில் இடமில்லை என்று அங்கிருந்த பிரதியை அழித்தும் விட்டான்.

பிறகுதான் தொல்லை. பட்டியலில் எல்லாப் பாட்டும் தெரிந்தன. சில ஓடின. பல, ஒரு நொடிகூட ஒலிக்காமல் அடுத்ததற்குத் தாவின. சில வேளை ஆப்பிள் சின்னம் தோன்றி மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

பேட்டரியாக இருக்கும் என்று புது பேட்டரி வாங்கினான். பிறகு ரிப்பன் கேபிள். அதைச் செருகும்போது அதன் சிறிய பிடியையும் ஒடித்தான், நல்ல வேளையாகப் பாதிதான். 128 ஜிபிக்கு மேல் ஐபாட் படிக்காது என்று எங்கோ படித்துவிட்டு வந்து நின்றான். அந்த வரம்பு 2007, 2008இல் வந்த கிளாசிக் வகைக்கு உரியது, இவனுடையதற்கு அல்ல. முதுகில் இருக்கும் மாடல் எண்ணைப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

வழி காட்டியது நான் அல்ல, என் அக்காள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவில் பல ஆண்டுகள் நின்று வேலை பார்த்தவர். "ஒரே நேரத்துல நாலு சாமானை மாத்தினா எது கெட்டதுன்னு எப்படிடா தெரியும்? நல்லா ஓடுதுன்னு தெரிஞ்ச ஒன்னை எடுத்துப் போட்டுப் பாரு" என்றார்.

1972இல் இண்டல் இங்கே வந்த காலத்திலிருந்து இந்தத் தீவு சோறு தின்பதே சில்லுகளைப் பொருத்துவதிலும் சோதிப்பதிலும்தான். அந்த வேலையைச் செய்த அம்மாக்களின் பிள்ளைகள் நம் கல்லூரிகளில் படிக்கிறார்கள். ஆனால் பழுது தேடும் முறையை நாம் அவர்களுக்கு எங்கே கற்றுக் கொடுக்கிறோம்? எஸ்பிஎம் இயற்பியல் சோதனையில் எல்லாம் ஏற்கெனவே ஓடும்படி அமைத்துத் தரப்படுகிறது, சரியான விடைக்குப் புள்ளி விழுகிறது. எது காரணமல்ல என்று ஒவ்வொன்றாகக் கழித்து வருபவனுக்கு அரைப் புள்ளிகூடக் கிடையாது. ஆசிரியர்கள் தவணைக்கு ஒரு முறையாவது கெட்டுப்போன பொருளை மேசையில் வைத்து, "திருத்த வேண்டாம், பழுது எங்கே என்று மட்டும் நிரூபி" என்று சொல்லலாம். செலவே இல்லை, கெட்ட சாமான் எந்த வீட்டில் இல்லை?

பழைய கேமராவில் இருந்த 32 ஜிபி கார்டைப் போட்டோம். இருநூறு பாட்டு ஏற்றினோம், இருநூறும் ஓடின. ஆக பேட்டரி, கேபிள், அடாப்டர் மூன்றும் குற்றமற்றவை. கார்டைக் கணினியில் செருகி எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட விட்டோம். கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் மென்பொருள் அது. ராத்திரி முழுக்க ஓடியது. 256 என்று அச்சிட்டிருந்த கார்டில் உண்மையில் இருந்தது 32 ஜிபிக்கும் குறைவு. போலிக் கார்டு தன் அளவைக் கணினியிடம் பொய்யாகச் சொல்லும், எழுதும்போது பிழை எதையும் காட்டாது. அளவுக்கு மேல் போனதெல்லாம் காற்றில் கரைந்துவிடும். புதுக் கார்டு வாங்கினால் பாட்டு ஏற்றுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

கடைசியில் ஏற்றியது அப்பாவின் பாட்டுகள். அவை கார்டில் இல்லை.

பழைய டிஸ்க்கை மறுபடி பொருத்தினோம். ஐடியூன்ஸ் உடனே 'ரீஸ்டோர்' செய்யச் சொன்னது. பையனின் விரல் பொத்தானுக்கே போய்விட்டது! அதை அழுத்தினால் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் துடைக்கப்படும். அவன் கையை அக்காள் பிடித்து நிறுத்தினார். மெனுவையும் நடுப் பொத்தானையும் அழுத்திப் பிடித்து, சின்னம் தோன்றியதும் நடுப் பொத்தானோடு பிளே பொத்தானை அழுத்தினால் ஐபாட் வெறும் டிஸ்க்காகக் கணினியில் தெரியும். மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொன்னால் பாட்டுகள் உள்ள பெட்டகம் கிடைக்கும். பெயர்கள் நான்கெழுத்துக் குழப்பமாக இருக்கும், பாட்டுக்குள் விவரம் பத்திரமாக இருக்கும்.

டிஸ்க் நடுநடுவே நின்று நின்று ஓடியது. இரண்டு நாளில் பெரும்பாலானவை வந்துவிட்டன. வராதவற்றில் இரண்டு, அப்பா பாடிய காவடிப் பாட்டுகள். டிஸ்க்கைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறான். அந்தக் கேசட் அத்தானின் கூட்டாளிகள் யாரிடமாவது இருக்கிறதா என்று அக்காள் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.