யாருடைய கை?

இயந்திரம் நுழைந்த இடத்தில் கலை செத்துவிடும் என்பது நம் இலக்கியச் சூழலில் எவரும் கேள்வி கேட்காமல் உலவவிட்டிருக்கும் நம்பிக்கைகளில் ஒன்று. கணினி செதுக்கியது என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில், பொருளைப் பாராமலேயே ‘உயிரில்லை’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இந்தப் புலம்பலில் எங்களுக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்ல, நமக்குச் சற்றும் ஒட்டாததுபோல் தோன்றும் ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறோம்: பில்லியர்ட்ஸ் மேசையில் பந்தைத் தள்ளும் கோல். (ஒட்டவே ஒட்டாது என்றும் சொல்வதற்கில்லை. 1875இல் ஜபல்பூரில் பிறந்த ஸ்னூக்கருக்கு 1882இல் விதிகள் வகுக்கப்பட்டது நம் உதகமண்டலத்துக் கிளப்பில்தான்.)

ஆட்டக்காரர் சொல்லிச் செய்விக்கும் விலையுயர்ந்த கோல்களில், கைப்பிடிப் பகுதியின் மரத்தைக் குழித்து முத்துச்சிப்பி ஓட்டைப் பதிப்பார்கள். முன்பு அச்சுருவைத் தடவிச் செல்லும் பாண்டோகிராஃபும் உளியும் செய்த இவ்வேலையை இன்று பல பட்டறைகளில் சி.என்.சி. இயந்திரம் செய்கிறது. வரைபடம் கணினியில் இருக்கும். கட்டர் மரத்தில் குழி தோண்டும்; அதே வரைபடத்தைக் கொண்டு ஓடும் வெட்டப்படும். பசை இறுகியபின் லேத்தில் கடைந்தால் தட்டையான ஓடு கோலின் வளைவோடு ஒன்றி நிற்கும். அகலமாகப் பதித்தால் கடையும்போது ஓரம் தேய்ந்து மெலிந்துவிடும். ஆகவே எவ்வளவு அகலம் என்பதை மனிதன்தான் முன்கூட்டி யோசித்தாக வேண்டும்.

கட்டரோ வட்டமானது. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள கட்டர், குழியின் உள்மூலையில் அரை மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவை விட்டே தீரும். கூரிய மூலை வேண்டுமானால் உளியை எடுக்க வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பதில் ஓட்டின் முனையையும் மழுக்கிப் பொருத்திவிடுவோர் உண்டு. கைவேலைப் பக்தர்கள் கோலைக் கையிலெடுத்ததும் தேடுவது இந்த மழுங்கிய முனையைத்தான். நியாயமான தேடல். ஆனால் குற்றவாளி இயந்திரமா, கடைசி அரை மில்லிமீட்டருக்கு உளியெடுக்கச் சோம்பியவனா? கைவேலையின் தெய்வமென அமெரிக்காவில் கொண்டாடப்படும் ஜார்ஜ் பாலபுஷ்கா (1912–1975) தம் தொடக்ககாலக் கோல்களை புருன்ஸ்விக் கம்பெனியின் ‘டைட்லிஸ்ட்’ என்னும் தொழிற்சாலைக் கோல்களிலிருந்துதான் உருவாக்கினார். அவர் பெருமை அதனால் ஒரு பிடி குறையவில்லை.

எங்கள் சண்டை வேறு. ‘கை, கை’ என்று உருகுகிறவர்கள் எந்தக் கையைச் சொல்கிறார்கள்? ஓட்டை வெட்டிய கையையா, கடலின் அடியிலிருந்து எடுத்துவந்த கையையா?

தூத்துக்குடிக் கரையில் நின்று கேட்கிறோம். இங்கு முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோயிற்று. 1973இல் இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். பார்களில் குளிப்பு திரும்பவில்லை. எஞ்சியது சங்கு. திரேஸ்புரத்திலிருந்து படகேறிப் போகிறவர்கள் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக்குழாயை நம்பி இறங்குகிறார்கள். அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்த்துக் கைகால் முடங்கலாம், உயிரும் போகலாம். இப்படி எடுத்த சங்கு மூட்டையாகி வங்காளத்துக்குப் போகிறது. அங்கே அறுபட்டு, செதுக்கப்பட்டு, மணமான பெண்களின் வளையலாகிறது. செதுக்கு வேலையின் கூலியும் பெயரும் அங்கே, மூச்சடைப்பு இங்கே. நம்மவருக்குச் சங்கு என்றால் வலம்புரி ஒன்றுதான் நினைவுக்கு வரும், அதுவும் பூஜையறையில்.

இது என்றுமே இப்படித்தான் இருந்தது என்பதும் பொய். கொற்கையில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. 1914இல் இந்தியச் சங்கைப் பற்றித் தனிநூலே வெளியிட்ட ஜேம்ஸ் ஹார்னெல், அவற்றிலுள்ள அறுப்புத் தடங்களை வங்காளப் பட்டறைகளின் வாளோடு ஒப்பிட்டார். அகநானூற்றின் 24ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார், விரியாத பகன்றை மொட்டுக்கு வளை அறுத்து எஞ்சிய சங்கின் நுனியை உவமையாக்குகிறார். அறுத்த கருவியையும் விடாமல் சொல்கிறார். கருவி நுழைந்ததால் அந்தக் கவிதை செத்தா போயிற்று?

முத்துச்சிப்பியின் வானவில் மினுக்கம் சங்குக்கு இல்லை, உண்மைதான். மன்னார் வளைகுடாச் சிப்பியின் ஓடும் சிறியது, மெல்லியது. பதிப்பு வேலைக்கு உகந்தவை வேறு கடல்களின் பெருஞ்சிப்பிகளே. ஆனால் வெள்ளைப் பதிப்புக்கென்று முன்பு யானைத்தந்தம் இருந்தது. 1989இல் பன்னாட்டுத் தடை வந்தது. தஞ்சாவூர் வீணையில்கூடத் தந்தத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. (அந்த வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு வேறு.) பால்வெண்மையும் உறுதியும் கொண்ட சங்கு அந்த இடத்துக்கு ஏன் ஆகாது? நகக்கண் அளவுத் துண்டே போதுமாதலால், வளையலுக்குத் தேறாத உடைசலும் பயன்படும். கடலில் கூடுதலாக ஒரு சங்கை எடுக்க வேண்டியதில்லை. ஓட்டுத் தூள் நுரையீரலைக் கெடுப்பது. அதைக் கையால் அறுக்கச் சொல்வதைவிட, நீர் பாய்ச்சி மூடிய பெட்டிக்குள் கட்டரைச் சுழலவிடுவது மனிதாபிமானம்.

கணினியா, கைவேலையா என்ற விவாதத்தை ஊர்ப்பழமையின் பேரால் நடத்துகிறவர்களுக்கு இவ்வூரின் பழமை ஒன்றை நினைவூட்டுவோம். 1906இல் வ.உ.சி. வெள்ளையர் கப்பல் கம்பெனியை எதிர்க்கப் புறப்பட்டபோது, பாய்மரத்தின் அழகைப் பற்றி உருகிக்கொண்டிருக்கவில்லை. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு நீராவிக் கப்பல்களை வாங்கிவந்தார். அவருடைய பகை எந்திரத்தோடன்று, அதன் உடைமையோடு.

ஆகவே சங்கு இறங்கும் கரையிலேயே அந்தக் கட்டர் சுழலட்டும் என்கிறோம். அதற்கான வரைபடத்தைக் குளியாளியின் மகளோ மகனோ போடட்டும். பட்டறையில் குளியாளிக்கும் பங்கிருக்கட்டும். அப்படி ஒரு பட்டறை திரேஸ்புரத்தில் எழுந்தபின், மழுங்கிய முனைகளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். அந்தச் சண்டையில் நாங்களும் உளியின் பக்கம்தான் நிற்போம்.