இரைச்சலும் இரண்டாம் மொழிச் செவியும்: புதுச்சேரியை முன்வைத்து ஒரு கருத்துரை

இரண்டாம் மொழி மாணவரின் கேட்டல் திறனை மதிப்பிடும்போது வகுப்பறையின் பின்னணி இரைச்சலையும் கணக்கிற் கொள்ளவேண்டும் என்பதே இக்கருத்துரையின் நிலைப்பாடு.

பேசுசூழல் ஒலியை மாற்றும் என்பது தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. சேய்மையில் உள்ளாரை அழைக்குங்கால் விளிப்பெயரின் ஓசை தன் அளபைக் கடந்து நீளும் என்று தொல்காப்பிய விளிமரபு கூறுகிறது. இரைச்சலுக்கிடையே பேசுவோர் தம்மையறியாமலே குரலை உயர்த்துகின்றனர் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இல் வெளியிட்டார். அந்நிலையில் சுருதி உயர்வதையும் உயிரொலி நீள்வதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. சேய்மையும் இரைச்சலும் வேறெனினும், கேட்போர் செவிக்கு எட்டச்செய்யும் முயற்சி இரண்டிற்கும் பொது.

தமிழில் குறில், நெடில் வேறுபாடு பொருளை மாற்றுவது. ‘கல்’, ‘கால்’ எனும் இணை இதற்குச் சான்று. ‘வலி’, ‘வளி’, ‘வழி’ என்பவற்றை ஓர் ஒலியே வேறுபடுத்துகிறது. இரைச்சலில் அவ்வொலி மங்கினாலும் தாய்மொழியாளர் சூழமைவைக்கொண்டு சொல்லை மீட்டுக்கொள்வர். இரண்டாம் மொழியாளருக்கு அத்துணை முழுமையாக வாய்ப்பதில்லை. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றோரிடம் மேயோ, ஃபுளோரன்டைன், பூஸ் ஆகியோர் நிகழ்த்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், பதின்பருவத்திலும் அதன் பின்னரும் கற்றோர் இளமையிலேயே கற்றோரைவிட இரைச்சலில் மிகுதியாக இடர்ப்பட்டனர். சூழமைவால் அவர்கள் பெற்ற பயனும் குறைவாகவே இருந்தது.

புதுச்சேரியில் இவ்வேறுபாடு ஒரே வகுப்பறைக்குள் நிகழக்கூடியது. தமிழ் வகுப்பில் பிரெஞ்சு, தெலுங்கு, மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகளும், பிரெஞ்சு வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் இரண்டாம் மொழிச் செவியினர். சாலை இரைச்சல் அனைவர்க்கும் ஒன்றே. அதனால் நேரும் இழப்பு ஒன்றன்று. வகுப்பறைப் பின்னணி ஒலி 35 டெசிபலுக்கு மிகலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளோ கல்விநிலையம் சூழ்ந்த அமைதி மண்டலத்திற்குப் பகலில் 50 டெசிபல் என வரம்பிடுகின்றன. முன்னது அறையின் உள்ளே, பின்னது வெளியே அளக்கப்படுவது. எனவே வெளிவரம்பு பேணப்படுவதொன்றே வகுப்பறை அமைதிக்கு உறுதியாகாது. சாளரங்கள் திறந்துள்ள அறையில் இது மேலும் தெளிவு.

இந்நிலையில் சொல்வதெழுதலில் ழகரத்தைத் தவறவிட்ட மாணவரை உடனே ‘மொழியறிவு குறைந்தவர்’ என முடிவுகட்டுதல் முறையன்று. அவர் அறியாததால் பிழைத்தாரா, கேளாததால் பிழைத்தாரா என்பது முதலில் தெளியப்படவேண்டும். அதற்கு ஒரே சொற்பட்டியலை அமைதியிலும் அளவிட்ட இரைச்சலிலும், தனிச்சொல்லாகவும் தொடரினுள்ளும் ஒலிக்கச்செய்து, இருவகைச் செவியினரின் விடைகளை ஒப்பிடலாம். பன்மொழி வழங்கும் புதுச்சேரி இதற்கு ஏற்ற களம். எழுத்துகளின் பிறப்பிற்கு நாம் அளித்துவந்த கவனத்தை அவை கேட்கப்படும் முறைக்கும் தமிழ்த்துறைகள் அளிக்கவேண்டும்.