வானில் ஒரு ரிப்பன்

பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுச் சற்று உற்றுப் பாருங்கள். தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றி அது மெல்லிய தகடுபோல் வேகமாகப் பரவும். கொஞ்சம் தள்ளி, வட்டமான ஒரு விளிம்பில் திடீரென வேகம் குறைந்து தடித்துக்கொள்ளும். அதன் பிறகு நிதானமாக வழிந்தோடும்.

சூரியனைச் சுற்றியும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. மின்னூட்டம் கொண்ட துகள்கள் சூரியனிலிருந்து எல்லாத் திசைகளிலும் விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசிக்கொண்டே இருக்கின்றன. இதைச் சூரியக் காற்று என்கிறோம். கோள்களையெல்லாம் கடந்து போகும் அந்தக் காற்று, விண்மீன்களுக்கு இடையில் பரவியிருக்கும் வாயுவை முட்டித் தள்ளி, நம்மைச் சுற்றி ஒரு பெரிய குமிழியை ஊதி வைத்திருக்கிறது. பூமி சூரியனிலிருந்து சுமார் 150 மில்லியன் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. குமிழியின் விளிம்போ, மிக அருகில் உள்ள பக்கத்திலேயே அதைப்போல் சுமார் 120 மடங்கு தூரம்.

அவ்வளவு தூரத்தில் இருப்பதைப் பற்றி நமக்கென்ன என்று கேட்கலாம். பால்வெளியிலிருந்து வந்து பாயும் காஸ்மிக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுப்பது இந்தக் குமிழிதான். செவ்வாய்க்கு மனிதரை அனுப்ப நினைப்பவர்களை அச்சுறுத்தும் கதிர்களில் ஒரு பகுதி, இந்தத் தடுப்பையும் மீறிக் கசிந்து வரும் மிச்சம். கூரை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வீட்டுக்காரனுக்கு ஆசை இருக்காதா?

நேரில் போய்ப் பார்த்த விண்கலங்கள் இரண்டே இரண்டு. 1977ல் புறப்பட்ட வாயேஜர் 1, குமிழியைவிட்டு வெளியேறியபோது 2012 ஆகஸ்ட் ஆகிவிட்டது. வாயேஜர் 2 வெளியேறியது 2018 நவம்பரில். மகத்தான பயணங்கள், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு முழு வீட்டுக்கும் வரைபடம் போட முடியாது.

அந்த வேலைக்காக நாசா அனுப்பியது ஐபெக்ஸ். பேருந்துச் சக்கரம் அளவுதான் இருக்கும். 2008 அக்டோபர் 19ஆம் தேதி, பசிபிக் பெருங்கடலின் குவாஜலீன் தீவுப் பகுதியில், பறக்கும் விமானத்திலிருந்து விடப்பட்ட சிறிய ராக்கெட் அதை ஏற்றிச் சென்றது. அதில் தொலைநோக்கி கிடையாது. அது பிடிப்பது ஒளியை அல்ல, அணுக்களை.

இங்கேதான் சாமர்த்தியம் இருக்கிறது. மின்னூட்டம் கொண்ட துகளைக் காந்தப்புலம் வளைத்து இழுத்துக்கொண்டே போகும். எங்கிருந்து வந்தாய் என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. ஆனால் விளிம்புப் பகுதியில், வெளியிலிருந்து மெதுவாக உள்ளே வரும் ஹைட்ரஜன் அணுவிடமிருந்து வேகமாக ஓடும் புரோட்டான் ஒன்று எலக்ட்ரானைப் பறித்துக்கொள்வதுண்டு. பறித்த கணமே அதுவும் மின்னூட்டமற்ற முழு அணுவாகிவிடுகிறது. வேகம் அப்படியே இருக்கும், காந்தப்புலத்தின் பிடி மட்டும் விட்டுப்போகும். அந்த நொடியில் எந்தப் பக்கம் பார்த்து ஓடியதோ, அந்தப் பக்கமே நேர்கோட்டில் போகும். அப்படிப் போகும் அணுக்களில் மிகச் சில, ஓராண்டோ அதற்கு மேலோ பயணம் செய்து நம் பக்கம் வந்து சேர்கின்றன. ஐபெக்ஸ் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி, வந்த திசையைக் குறித்துக்கொள்ளும். ஆறு மாதம் பொறுமையாக எண்ணினால் முழு வானத்துக்கும் ஒரு படம் கிடைக்கும்.

முதல் படங்கள் 2009 அக்டோபரில் வெளிவந்தன. வானத்தின் குறுக்கே, சுற்றுப்புறத்தைவிட இரண்டு மூன்று மடங்கு பிரகாசமாக, ஒரு ரிப்பன் வளைந்து கிடந்தது! அதற்கு முன் எந்தக் கணிப்பிலும் அப்படி ஒன்று இல்லை. கலத்திலிருந்த இரண்டு கருவிகளிலும் தெரிந்ததால் கருவிக் கோளாறு என்று ஒதுக்கவும் வழியில்லை. இதில் இன்னொரு வேடிக்கை, அந்த ரிப்பன் இரண்டு வாயேஜர்களும் சென்ற திசைகளுக்கு நடுவில் ஓடுகிறது. ஒன்று இந்தப் பக்கமாகவும் மற்றது அந்தப் பக்கமாகவும் போய்விட்டன. நேரில் போனவர்கள் கண்ணில் படாதது, வீட்டு வாசலில் உட்கார்ந்து எண்ணியவருக்குத் தெரிந்தது.

பலரும் ஏற்கும் விளக்கம் இது. குமிழியைத் தாண்டி வெளியே போய்விட்ட அணு, அங்கே எலக்ட்ரானை இழந்து மீண்டும் மின்னூட்டம் பெறுகிறது. அங்குள்ள காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழல்கிறது. பிறகு எங்கோ ஓர் எலக்ட்ரானைப் பிடித்து, மறுபடி அணுவாகி நம்மிடம் திரும்புகிறது. நாம் பார்க்கும் திசைக்குக் காந்தப்புலம் குறுக்காகச் செங்குத்தாக நிற்கும் இடங்களிலிருந்து மட்டும் இப்படி அதிகம் வரும். அதனால்தான் ரிப்பன் வடிவம். விண்மீன்வெளியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை, குமிழிக்குள் இருந்தபடியே படித்துவிடலாம்.

2014 இறுதியில் சூரியக் காற்றின் அழுத்தம் சுமார் பாதி அளவு கூடியது. அதன் விளைவு ஐபெக்ஸ் படங்களில் தெரியத் தொடங்கியது 2016 கடைசியில். கிணற்றுக்குள் குரல் கொடுத்து எதிரொலிக்குக் காத்திருப்பதுபோல, அந்தத் தாமதத்தை வைத்து ஒவ்வொரு திசையிலும் விளிம்பு எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டார்கள். 2021ல் வந்த முப்பரிமாண வரைபடம் அப்படி உருவானதுதான். முன்பக்கம் 120 மடங்கு என்ற கணக்கோடு அது ஒத்துப்போகிறது. பின்பக்கம், அதாவது வால் பக்கம், குறைந்தது 350 மடங்கு.

குறைந்தது என்பதைக் கவனியுங்கள். எதிரொலி எட்டியது அவ்வளவுதான். வால் வால்மீனுக்கு இருப்பதுபோல் நீண்டு கிடக்கிறதா, அல்லது குமிழி பந்துபோல் உருண்டையானதா என்ற சண்டை ஓயவில்லை. அதைத் தீர்க்க உதவுமென்று 2025 செப்டம்பர் 24ல் ஐமேப் என்ற புதிய கலம் புறப்பட்டது. சூரியன் பக்கமாக 1.5 மில்லியன் கிலோமீட்டர் தள்ளி அதற்கு இடம். பூமியின் சொந்தக் காந்தப்புலத்தின் தொல்லை அங்கே இல்லை. பத்துக் கருவிகளில் மூன்றுக்கு, வந்து சேரும் இந்த அணுக்களை எண்ணுவதுதான் வேலை.